மெய்காவலும் தெருவில் நிற்போரும்

சென்ற பருவத்தில் ஒரு நாள் எம் சரித்திர வகுப்பு முடிந்தபின், பட்டாளத்திற் சேரும் விருப்பமுடைய மாணாக்கர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, ஒருவரைக் காப்பதற்கென்றே சம்பளம் பெற்று யுத்த பூமிக்குச் செல்லும் மெய்காப்பாளன், தான் காத்தவர் உயிருடன் திரும்பினால் தன் கடமையை முற்றும் செய்தவன் ஆவானா?" என்று வினவினார். "ஆவான், ஐயமென்ன?" என்று கூற எம் நா எழுந்தது, ஆயினும் ஏதோ ஒன்று தடுத்தது. பிறகு அவ்வினாவைப் பற்றிச் சில காலம் ஆராய்ந்ததன் பயனே இவ்வியாசம்.

மெய்காவல் நம் மொழிக்குப் புதிய சொல்லன்று. சோழர் சாசனங்களில் வேளைக்காரர் என்னும் படையினர் பேசப்படுகின்றனர். அரசனுக்கு இடர் நேர்ந்த வேளையில் தம்முயிரை ஈந்தும் அவனைக் காப்பதாகச் சூளுற்றவர் அவர் என்பர் ஆராய்ச்சியாளர். இக்காலத்து மெய்காப்பாளனோ பெரும்பாலும் சூளாலன்றி ஒப்பந்தத்தாற் கட்டுண்டவன். காலவரை முடிந்ததும் கணக்குத் தீர்த்துக்கொண்டு தன் மனைக்குத் திரும்புவான். இவ்வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுவாருளர். எமக்கு அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. சம்பளத்திற்கு நிற்பவனும் குண்டு வரும்போது விலகி நிற்கப் பணிக்கப்பட்டவன் அல்லன். 1981-ம் வருஷம் மார்ச்சு 30-ம் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகன்மீது ஒருவன் சுட்டபோது, டிமதி மெக்கார்த்தி என்னும் காவலர் சுட்டவன் பக்கமாகத் திரும்பிக் கைகால்களை அகல விரித்துத் தம் உடலையே கேடயமாக்கி நின்று, வயிற்றில் குண்டேற்றார். குண்டொலி கேட்டால் உடலைக் குறுக்கிக்கொள்வது மனித இயல்பு. உடலை விரித்துக்காட்டுவது பயிற்சி. அவர் பிழைத்தார் என்பதையும் ஈண்டுக் கூறிவிடுதல் நலம்.

மெய்காப்பாளன் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன கருங்கண்ணாடியும் துப்பாக்கியுமே. உண்மையில் அவன் தொழிலிற் பெரும்பகுதி பென்சிலாலும் காலாலும் செய்யப்படுவது. தான் காக்கும் தலைவர் நாளைக் காலை பத்து மணிக்கு ஓர் அலுவலகத்திற்குச் செல்லவேண்டுமாயின், இன்றே ஒருவன் அவ்விடஞ் சென்று, வாயில்கள் எத்தனை, மாடிப்படி எப்புறம், தலைவர்க்கிட்ட நாற்காலி சாளரத்திற்கு எதிரே உள்ளதா, வண்டி திரும்ப இடமுண்டா என்பனவற்றைக் குறித்துக்கொள்வான். அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்குச் செல்ல எத்தனை நிமிஷமாகும், தலைவருடைய இரத்தம் எவ்வகையைச் சேர்ந்தது என்பனவும் அக்குறிப்பில் இருக்கும். நாடோறும் ஒரே வழியிற் செல்லலாகாது. ஒரே நேரத்திற் புறப்படலாகாது. காத்திருக்கும் வண்டி வந்த முகமாக நில்லாது போகும் முகமாக நிற்கும். சாரதி அதனைவிட்டு இறங்கான். இவற்றுள் வீரச்செயல் ஒன்றுமில்லை. வீரத்திற்கு இடமே நேராதபடி ஒரு நாளை நடத்தி முடிப்பதே இத்தொழிலின் திறம். ஆகவே நன்றாகச் செய்யப்பட்ட வேலை எவர் கண்ணிலும் படுவதில்லை.

தாக்குதல் நேர்ந்தபின் செய்யவேண்டுவதும் படைவீரன் செய்வதற்கு மாறானது. சுடப்பட்ட திசையை நோக்கி முன்னேறுதல் படைவீரனுக்குக் கற்பிக்கப்படுவது. மெய்காப்பாளனோ தலைவரைத் தன் உடலால் மறைத்து, அவர் தலையைத் தாழ்த்தி, வண்டிக்குள் தள்ளி, அவ்விடத்தைவிட்டு உடனே அகலவேண்டும். பகைவனைக் கொல்வது அவன் நோக்கமன்று. நில்லாது போவதே நோக்கம். போர்க்களத்திற் பழகிய கைகளுக்கு இது எளிதில் வாராது.

இங்ஙனம் கூறுதல் எளிது. செய்தற்குரிய காலமோ இரண்டு மூன்று விநாடிகளே. 2002-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி ஆப்கானிஸ்தானத்தின் அதிபர் ஹமீத் கர்சாய், தம் குடும்பத்து மணவினையொன்றின்பொருட்டுக் காந்தஹார் நகரிலிருந்தார். அவர் வண்டி மெல்லப் புறப்பட்டபோது, அந்நாட்டுச் சீருடை தரித்த ஒருவன் சுடத்தொடங்கினான். குண்டு கர்சாயைத் தவறி, உடனிருந்த மாகாணாதிபதியைச் சிறிது காயப்படுத்திற்று. கூட்டத்திலிருந்த இளைஞன் ஒருவன் பாய்ந்து கொலைஞனைப் பற்றிக்கொண்டான். அதிபரின் மெய்காப்பாளராயிருந்த அமெரிக்கப் போர்வீரர் அக்கணமே சுட்டனர். கொலைஞன் இறந்தான், அவனைப் பற்றிப் போராடிய இளைஞனும் இறந்தான், வேறொருவரும் இறந்தார். அதிபர் உயிர் தப்பினார். மெய்காவல் முறைப்படி நோக்கின் அன்று செய்யப்பட்டதிற் பிழையில்லை. சீருடை தரித்தவனே பகைவனாயிருக்கையில், அவனோடு கட்டிப்புரளும் மற்றொருவன் நண்பன் என்று அவ்விரண்டு விநாடியில் எங்ஙனம் அறிவது? ஆயினும் அதிபரைக் காக்க ஆயுதமின்றி முதலிற் பாய்ந்தவன் அவ்விளைஞனே என்பதை எம்மால் மறக்க இயலவில்லை.

காந்தஹாரில் ஒரு கணத்தில் நேர்ந்தது, பாக்தாத் நகரில் ஆண்டுக்கணக்காகத் தெருத்தோறும் நேர்ந்தது. 2003-ம் வருஷம் ஏப்ரலில் அந்நகர் அமெரிக்கப் படையிடம் வீழ்ந்தபின், மெய்காவலின் இருவேறு முறைகளை அங்கு அடுத்தடுத்துக் காண்கிறோம்.

முதலாவது ஐக்கிய நாடுகள் சபையாருடையது. நகரின் கீழ்ப்பகுதியிலிருந்த கனால் ஹோட்டல் அவர்களுக்கு அலுவலகம். பிரேசில் நாட்டவரான செர்ஜியோ வியேரா டி மெல்லோ என்பார் சபையின் தலைமைப் பிரதிநிதி. படையெடுத்தவர்களோடு தம்மை மக்கள் ஒன்றாக எண்ணலாகாது என்பதும், குறைகூற விரும்பும் ஈராக்கியர் அஞ்சாது வந்துபோகவேண்டும் என்பதும் அவர்கள் கொள்கை. பீரங்கிவண்டியைத் தாண்டி எவன் மனு எடுத்துவருவான்? ஆதலால் ஹோட்டலின் முன் நின்ற கனரகப் படைக்கருவிகளை அகற்றவும், கூரைமேலிருந்த காவற்பரணைக் கலைக்கவும், கட்டிடத்தின் பக்கவாட்டிற் செல்லும் சாலையிலிருந்த தடைகளை நீக்கவும் சபையாரே அமெரிக்கப் படையினரைக் கேட்டுக்கொண்டனர். ஆகஸ்டு 19-ம் தேதி பிற்பகல், வெடிமருந்து ஏற்றிய லாரியொன்று அப்பக்கச் சாலையிற் புகுந்து, வியேரா டி மெல்லோவின் அறைக்கு அருகே வெடித்தது. அவரும் வேறு இருபத்தொருவரும் மாண்டனர். அவர் இடிபாட்டினுள் உடனே இறவாது பல நாழிகை உயிருடன் கிடந்தார். மீட்க முயன்றோர்க்கு அவரை வெளிக்கொணரத் தக்க கருவிகள் இல்லை. சாளரக் கண்ணாடிகள் சிதறாவண்ணம் மெல்லிய தகடு ஒட்டப்படாமையால் உடைந்த கண்ணாடியே பலரைக் காயப்படுத்திற்று. பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி ஆட்டிசாரி தலைமையில் விசாரித்த குழுவினர், சபையின் பாதுகாப்பு முறை முழுதும் பழுதுற்றிருந்தது எனத் தயங்காது எழுதினர்.

வியேரா டி மெல்லோவுக்கு மெய்காப்பாளர் இல்லாமலில்லை. ஆனால் மெய்காப்பாளன் ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். அவர் அமரும் அறையின் கீழுள்ள சாலையை அடைப்பது அவன் அதிகாரத்திலுள்ளதன்று. தலைவர் கூட்டத்திற் கலந்து நிற்க விரும்புவார். காவலன் அவரைக் கூட்டத்தினின்று பிரிக்க விரும்புவான். இவ்விழுபறி எல்லாவிடத்தும் உண்டு. யுத்த பூமியில் அதன் விலை உயிராகிறது.

இரண்டாவது முறை இதற்கு நேர்மாறானது. அமெரிக்கர் நிறுவிய தற்காலிக ஆட்சிக்கு 2003-ம் வருஷம் மே மாதம் முதல் 2004-ம் வருஷம் ஜூன் 28-ம் தேதிவரை தலைவராயிருந்தவர் பால் பிரெமர். கனால் ஹோட்டல் அழிந்த அதே ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மெய்காவல் பிளாக்வாட்டர் என்னும் தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தத் தொகை இரண்டு கோடி டாலருக்கு மேற்பட்டது. துப்பாக்கி ஏந்திய காவலர், மோப்ப நாய்கள், முன்னும் பின்னும் கவச வண்டிகள், மேலே வட்டமிடும் சிறு ஹெலிகாப்டர்கள் ஆகிய இவ்வளவும் ஒருவர் வெளியே செல்வதற்கு. டிசம்பர் 6-ம் தேதி இரவு விமான நிலையச் சாலையில் அவர் வண்டித்தொடரைக் குண்டு வைத்துச் சுட்டும் தாக்கினர், ஒருவர்க்கும் காயமில்லை. வண்டிகள் நில்லாமல் விரைந்தன. மேலே யாம் கூறிய பாடம் அன்று எழுத்துப் பிசகாமல் நடந்தேறியது.

அச்சாலையில் நாடோறும் போய்வந்த பாக்தாத் வாசி கண்டது யாது? இத்தகைய வண்டித்தொடர்களின் பின்புறத்தில், நெருங்கி வந்தாற் சுடப்படுவீர் என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதப்பட்டிருந்தது. அவை எதிர்த்திசையிலும் ஓடின. வழிவிடாத வண்டியை இடித்து ஒதுக்கின. தண்ணீர்ப் புட்டிகளை வீசி விலக்கின. அதற்கும் விலகாதவன்மீது துப்பாக்கி திரும்பியது. அங்குப் பணியாற்றிய அமெரிக்க மரீன் படைக் கர்னல் ஹாம்ஸ் என்பார் பின்னர் வெளிப்படையாகவே இதைப் பற்றிப் பேசினார். ஈராக்கியருடன் அவர்களுடைய பழைய வண்டியில் ஏறிச்சென்ற அவரையே அக்காவலர் சாலையினின்று ஒதுக்கித் தள்ளியதுண்டாம். ஒப்பந்தம் கேட்டதை அவர்கள் செவ்வனே செய்தனர், ஆயினும் வெளியே சென்ற ஒவ்வொரு முறையும் நமக்குப் பகைவரை உண்டாக்கித் திரும்பினர் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்விஷயத்தில் யாம் படித்தவற்றுள் இதனினும் தெளிவான சொல் இல்லை. பிரெமர் ஈராக்குக்குச் சென்றது அம்மக்களை இணங்கச் செய்வதற்கு. அவரைக் காத்த முறையோ அவர் போன காரியத்தையே கெடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் தலைவர் உயிரைக் குறித்து எழுதியிருந்ததேயன்றி, வழியில் நிற்போர் மனத்தைக் குறித்து எழுதியிருந்திலது.

இதற்குக் கணக்கும் உண்டு. 2007-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்றின்முன் அக்கம்பெனியின் தலைவர் எரிக் பிரின்ஸ் சாட்சியங் கூறினார். தம்மவர் காத்த எவரும் கொல்லப்பட்டதில்லை என்றார், அது உண்மை. தம்மவரில் ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டனர் என்றார். அதுவும் எளிதாகத் தள்ளத்தக்கதன்று. குழுவினர் திரட்டிய குறிப்போ, 2005-ம் வருஷ முதல் அக்கம்பெனியார் துப்பாக்கி பிரயோகித்த நிகழ்ச்சிகள் 195 என்றும், அவற்றுள் 163-ல் முதலிற் சுட்டவர் இவர்களே என்றும் கூறிற்று. நூற்றுக்கு எண்பதுக்கு மேல். இவ்விரு கணக்கும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னது பின்னதன் விலையாற் பெறப்பட்டது.

இவ்விடத்து ஒன்று இடையே கூறவேண்டும். யுத்த பூமியிற் காவல் புரிவோர் அனைவரும் பெருஞ் சம்பளம் பெறுவோர் என்று எண்ணற்க. தலைவர் அருகே நிற்பவர் பெரும்பாலும் அமெரிக்கர், ஆங்கிலேயர், தென்னாப்பிரிக்கர். வெயிலில் வாயில் காப்பவர் நேபாளியர், உகாண்டா நாட்டவர், பெரு நாட்டவர். ஊதியத்தில் இவர்க்கும் அவர்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆப்கானிஸ்தானத்தின் தலைநகராகிய காபூலில் 2016-ம் வருஷம் ஜூன் 20-ம் தேதி, கானடா தூதரகத்தைக் காத்த நேபாளியர் பலர் வேலைக்குச் செல்லும் வழியிற் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் ஏறிச்சென்றது கவசமில்லாத சாதாரண வண்டி. பிறர் உயிரைக் காக்கப் போவோன் உயிருக்குத் தகடொன்றும் இடுவாரில்லை.

நிற்க. பாக்தாதுக்கு மீள்வோம். 2007-ம் வருஷம் செப்டம்பர் 16-ம் தேதி நண்பகலை ஒட்டி, அமெரிக்க உத்தியோகஸ்தர் ஒருவர் கூட்டத்திலிருந்த இடத்தின் அருகே வெடிகுண்டு வண்டியொன்று வெடித்தது. அவர்க்குக் காயமில்லை. அவரை அரண் செய்யப்பட்ட பச்சை மண்டலத்துக்கு மீட்டுக்கொணர வழியொழுங்கு செய்யும்பொருட்டு, பிளாக்வாட்டர் காவலர் பத்தொன்பதின்மர் நான்கு கவச வண்டிகளில் நிசூர் சதுக்கத்திற்கு வந்து, வண்டிகள் சுற்றிச்செல்லும் அவ்வட்டத்தை மறித்து நின்றனர். மற்ற வண்டிகள் யாவும் நின்றன. வெண்ணிறச் சிறு மோட்டார் ஒன்று வரிசையினின்று முன்னே நகர்ந்தது. அதனை ஓட்டியவன் மருத்துவ மாணவன். அருகிலிருந்தவர் அவன் தாய், அவரும் மருத்துவர். அவ்வண்டிமீது துப்பாக்கிகள் வெடித்தன. ஓடிச்சென்று கைகாட்டித் தடுக்க முயன்ற போக்குவரத்துப் போலீசாராலும் அதனை நிறுத்த முடியவில்லை. இயந்திரத் துப்பாக்கிகளும் எறிகுண்டுகளும் சதுக்கத்தின் நாற்புறமும் பாய்ந்தன. தாயும் மகனும் உட்பட ஈராக்கியர் பதினெழுவர் இறந்தனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். ஏறத்தாழ இருபதின்மர் காயமுற்றனர். அமெரிக்க மத்திய துப்பறியும் இலாகாவினர் ஆராய்ந்து, பதினெழுவருள் பதினால்வர் கொலைக்கு எவ்வித நியாயமும் இல்லை என்று கண்டனர்.

காவலர் பக்கத்தையும் கேட்டல் முறை. அந்நகரில் வெடிகுண்டு வண்டிகள் கற்பனையல்ல. அன்று காலையே ஒன்று வெடித்திருந்தது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஐம்பது மீட்டரை நாலரை விநாடியிற் கடக்கும். அதற்குள் அறிந்து, எச்சரித்து, காத்திருந்து, முடிவு செய்யவேண்டும். இவ்விக்கட்டை அறியாது மேசைமுன் அமர்ந்து தீர்ப்புக் கூறுதல் எம்மனோர்க்கு எளிதே. ஆயினும் நாலரை விநாடி நியாயம் முதல் வண்டிக்கே பொருந்தும். அதன்பின் பல நிமிஷம் நீடித்த சூட்டிற்கும், திரும்பி ஓடியோர் முதுகிற் பட்ட குண்டிற்கும் அது பொருந்துமோ? உடன்வந்த காவலருள் சிலர், பொருந்தாது என்றே பின்னர் நீதிமன்றத்தில் தம் தோழர்க்கெதிராகச் சாட்சி கூறினர். அச்சாட்சியும் மெய்காப்பாளர் கூறியதே என்பதை மறத்தலாகாது.

எம் மாணாக்கர் வினாவுக்கு விடையாக யாம் இந்நிகழ்ச்சியையே எடுத்துரைத்தோம். நிசூர் சதுக்கத்தில் அன்று காக்கப்படும் தலைவர் ஒருவரும் இல்லை. அவ்வுத்தியோகஸ்தர் வேறொரு காவற்குழுவினருடன் நலமாகப் பச்சை மண்டலத்தை அடைந்தார். தலைவர் உயிர் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோமாயின், அந்நாள் குறைவற நடந்த நாள் எனவே கணக்கிற் பதியப்படும். அவ்வளவுகோல் போதாது என்பது எம் துணிபு. தலைவர்மேல் வரும் அபாயம் காவலாற் கரைந்துபோவதில்லை. பெரும்பாலும் அது இடம் மாறி, தெருவில் நிற்போர் தலைமேல் ஏறுகிறது. அதனை எவ்வளவு குறைவாக இடம் மாற்றினான் என்பதும் மெய்காப்பாளன் திறத்தில் சேர்த்து எண்ணப்படவேண்டும். முன்னாளே வழி பார்ப்பதும், நேரம் மாற்றுவதும், கண்ணிற்படாது போவதும் அபாயத்தை உண்மையாகவே குறைப்பன; எதிர்ப்படுவோரையெல்லாம் விலக்கித் தள்ளுவதோ அதனை மாற்றுவது மட்டுமே. அம்மாணாக்கர் முற்றும் இணங்கினார் என்று கூறமாட்டேம். "தலைவர் இறந்திருந்தால் உலகம் காவலனையல்லவோ பழிக்கும்?" என்றார். பழிக்கும். அதை மறுக்க எம்மிடம் சொல்லில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சிறிது. ஆட்சியைக் கையளிப்பதற்கு முந்தின நாள், 2004-ம் வருஷம் ஜூன் 27-ம் தேதி, பிரெமர் கையொப்பமிட்ட 17-ம் உத்தரவு அந்நிய ஒப்பந்தக்காரரை ஈராக் நீதிமன்ற அதிகாரத்தினின்று விலக்கி வைத்தது. 2006-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஈராக்கின் உபஜனாதிபதி ஆதில் அப்துல் மஹ்தியின் மெய்காப்பாளர் ஒருவரைக் குடிவெறியிலிருந்த பிளாக்வாட்டர் காவலன் சுட்டுக்கொன்றான். கொன்றவனும் மெய்காப்பாளன்; இறந்தவரும் மெய்காப்பாளர். கொன்றவன் இரண்டு நாளுக்குள் விமானமேற்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டான். நிசூர் வழக்கும் ஈராக்கில் நடவாது வாஷிங்டனிலேயே நடந்தது. 2009-ம் வருஷக் கடைசியில் ஒரு நீதிபதி அதனைத் தள்ளினார். 2011-ல் அது உயிர்பெற்றது. 2014-ம் வருஷம் அக்டோபரில் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ந்தது. சாட்சி கூறுதற்கு ஈராக்கியர் பலர் கடல் கடந்து வந்தனர். ஒருவனுக்கு ஆயுள் தண்டனையும், மூவர்க்கு முப்பது முப்பது ஆண்டும் விதிக்கப்பட்டன. மேல் விசாரணைக்குப்பின் மூவர் தண்டனை குறைக்கப்பட்டது. 2020-ம் வருஷம் டிசம்பர் 22-ம் தேதி ஜனாதிபதி டிரம்ப் நால்வர்க்கும் மன்னிப்பளித்து விடுதலை செய்தார்.

அந்நிய ஒப்பந்தக்காரர்க்கு இருந்த நீதிமன்ற விலக்கு 2009-ம் வருஷத் தொடக்கத்தில் ஈராக்கில் ஒழிந்தது. பிளாக்வாட்டர் கம்பெனிக்கு அனுமதிச் சீட்டையும் அந்நாட்டு அரசாங்கம் மறுத்தது. அதற்கு முன்பே, 2008-ம் வருஷம் செப்டம்பரில், சுவிட்சர்லாந்து தேசத்து மோன்ட்ரோ நகரில் பதினேழு ராஜ்யங்கள் கூடி, இத்தகைய கம்பெனிகளை அமர்த்தும் அரசாங்கங்களின் கடமைகளை ஓர் ஏட்டில் வரைந்தன. 2010-ல் ஜினீவாவில் ஐம்பத்தெட்டுக் கம்பெனிகள் தமக்குரிய ஒழுக்கநெறி ஒன்றில் கையொப்பமிட்டன. தன்னுயிர்க்கோ பிறருயிர்க்கோ உடனடியான பேரபாயம் நேர்ந்தாலன்றிப் பெரும்பாலும் மனிதர்மீது துப்பாக்கி எடுக்கலாகாது என்பது அந்நெறியின் சாரம். 2013-ல் அதனைக் கண்காணிக்கும் சங்கமொன்றும் அந்நகரில் நிறுவப்பட்டது. சங்கத்தில் அங்கம் பெற்ற கம்பெனிகளின்மேல் அச்சங்கத்திடம் முறையிடும் உரிமை, காவலை விலைக்கு வாங்கியவர்க்கு மட்டுமன்று. அக்காவலால் வழியிலே துன்புற்றவர்க்கும் உண்டு. 2007-ம் வருஷம் நிசூர் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி நின்றோர்க்கு இத்தகைய வாயில் திறந்திருந்திலது.